வாகனம் வரக்கூடாத வீடு

1. ஆற்றைக் கடக்க ஒரு விமானம்

"பஸ்ஸுக்குக் காப்புறுதி இல்லை, ஸ்டெல்லா. அதோடை கதை முடிஞ்சுது," என்றார் ரோல்ஃப்.

ஒஸ்லோவில் எங்கள் அலுவலகக் கூட்ட அறை. சுவரில் புரொஜெக்டர் ஆபிரிக்க வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் ரோல்ஃப் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு மலாவியின் வடக்கு முனையில் தொடங்கி, ஒரு நாள் பயணமாகத் தெற்கே தலைநகருக்கு இறங்கி, அங்கிருந்து பறந்து நைரோபிக்கு ஏறி, திரும்பவும் பறந்து தான்சானியாவில் தார் எஸ் சலாமுக்கு வந்து, பிறகு தரைவழியாக இன்னொரு நாள் முழுக்க மேற்கே ஓடி ஒரு மலையடிவாரக் கிராமத்தில் நின்றது. கோடு தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஆறு மட்டும்தான் இருந்தது. அதற்குப் பாலமும் இருந்தது.

நான் எழுந்து போய் இரண்டு புள்ளிகளிலும் இரண்டு விரலை வைத்தேன். ஒரே கையின் விரல்கள் போதுமாயிருந்தன.

"இது அரை நாள் பஸ். மெர்சி அதைத்தான் கேட்டவ. முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டவ," என்றேன்.

"அவை ரெண்டும் வேறை வேறை நாடு, ஸ்டெல்லா," என்றார் அவர், எனக்குப் புவியியல் சொல்லித் தருவது போல. "விமானத்திலை எண்டால் ஐஞ்சு பேர் போதும். ஆழமாய்ப் படிப்பினம்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கோப்பி மேசையில் சிந்தியது. அதைத் துடைத்ததும் நான்தான்.

யார் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நோர்வேக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலை செய்து, பகுதிநேரமாகப் படித்து, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவ உதவி நிறுவனத்தின் ஆபிரிக்கப் பிரிவில் திட்ட இணைப்பாளராகச் சேர்ந்தேன். ரோல்ஃப் என் பிரிவின் தலைவர். மெர்சி வடக்கு மலாவியில் ஒரு தாதி. தன் ஊர்த் தேவாலயச் சபைப் பெண்களைச் சேர்த்து, எயிட்ஸ் என்ற அந்தப் பெரிய நோயால் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தான்சானியச் சபை ஒன்று இதை நன்றாகச் செய்கிறது, போய்ப் பார்த்துப் பழகி வரவேண்டும் என்பதுதான் அவர் எங்களிடம் கேட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

உதவி நிறுவனங்களில் வேலைக்குப் போக விரும்பும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து விண்ணப்பம் திருத்தித் தரக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோல்ஃப் கதைத்தது நோர்வேஜிய மொழி, மெர்சி கதைத்தது ஆங்கிலம். எனக்குக் கோபம் வருவது தமிழில் என்றபடியால் எல்லாரையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அன்று மாலை எல்லிங்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டேன். என் கணவர் அன்ரன் அடுப்பில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"உமக்குச் சம்பளம் வருதெல்லே? பிறகேன் கத்துறீர்?" என்றார்.

"சம்பளம் வாறதாலைதான் கத்துறன். சும்மா செய்யிற வேலையெண்டால் பேசாமல் இருந்திருப்பன்."

"அப்ப சரி. உப்புக் காணுமோ எண்டு பாரும்."

2. வேலை இல்லாத மொழிபெயர்ப்பாளர்

ஐந்து பெண்கள் பறந்தார்கள். தார் எஸ் சலாமில் அவர்களை ஒரு விடுதியில் இரண்டு நாள் வைத்து, குளிரூட்டிய மண்டபத்தில் "கற்றல் என்றால் என்ன" என்று எங்கள் அலுவலகம் பாடம் நடத்தியது. மெர்சி சால்வையால் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டு இருந்தார். நான் ஒஸ்லோவிலிருந்து போயிருந்தேன். ரோல்ஃப் பிறகு வருவதாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பே எங்கள் அலுவலகம் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தது. தான்சானியாவின் பொது மொழி தெரிந்த நல்ல மனிதர், கழுத்துப்பட்டி கட்டியவர். கிராமத்துக்குப் போய் வாகனத்தை விட்டு இறங்கினோம். சபைப் பெண்களின் தலைவி வந்து மெர்சியின் இரண்டு கையையும் பிடித்தார். மெர்சி ஏதோ சொன்னார். அவர் திருப்பி ஏதோ சொன்னார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு இந்தப் பாஷை தெரியாது," என்றார் அவர்.

ஆற்றின் இரண்டு கரையிலும் இருப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே பேச்சுப் பேசுகிறவர்கள். கல்யாணம் செய்கிறார்கள், செத்த வீட்டுக்குப் போகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். மெர்சியின் மச்சாள் ஒருத்தி அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். இதை மெர்சி மின்னஞ்சலில் எழுதியிருந்தார். நான் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். எழுதியது, சொன்னது எல்லாம் எங்கே போயிற்று? எங்கள் அலுவலகத்துக்கு ஆபிரிக்கா என்றால் நாடு, நாட்டுக்கு ஒரு தலைநகர், தலைநகருக்கு ஒரு விமான நிலையம். வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் போட்ட எல்லைக்கோட்டை அந்த மக்களே மதிப்பதில்லை, நாங்கள் ஒஸ்லோவில் இருந்து மதித்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மொழிபெயர்ப்பாளர் மிச்ச நாளெல்லாம் மாமரத்தின் கீழ் ஒரு பாயில் படுத்திருந்தார். அவரில் எனக்குக் கோபமில்லை.

3. அடுப்படிச் சட்டம்

தலைவியின் பெயர் தபித்தா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். குரல் அதற்கேற்ற குரல். ஊரே அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

தபித்தா அம்மா தங்கள் வேலை முறையை முதல் நாளே சொல்லிவிட்டார். தேவாலய வளவுக்குள் தகரம் போட்ட பெரிய அடுப்படி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும், ஆயர் வந்தாலும், அந்த அடுப்படி வரைதான் வரலாம். எங்கள் பங்குகளில் அன்பியம் என்று பத்துப் பதினைந்து வீட்டைச் சேர்த்து ஒரு குழு வைப்போமே, அதேபோல அங்கேயும் உண்டு. பிள்ளைகள் தனியே இருக்கும் வீடு எந்தக் குழுவுக்குள் வருகிறதோ, அந்தக் குழுப் பெண்கள்தான் அந்த வீட்டுக்குப் போகலாம். வாகனத்தில் போகக்கூடாது. சீருடை, சின்னம் போட்ட சட்டை கூடாது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கள் தோட்டத்துக்குப் போகிறவர்கள் மாதிரிப் போகவேண்டும். இரவில் ஒருவர் மாறி ஒருவர் அந்த வீட்டில் படுப்பார்கள். எங்கள் அலுவலகம் அனுப்பியிருந்த சின்னம் போட்ட டீசேட்டுகளை அவர்கள் அடுப்பில் இருந்து சட்டி இறக்கப் பிடிதுணியாக வைத்திருந்தார்கள். எனக்கு அது நல்ல சந்தோசம்.

"என்னத்துக்கு இவ்வளவு மறைவு?" என்று மெர்சியோடு வந்த பெண்களில் ஒருவர் கேட்டார்.

தபித்தா அம்மா வாழைக்காய் உரித்துக்கொண்டே சொன்னார். "தாய் தேப்பன் செத்தால் பிள்ளையளிட்டை மிஞ்சுறது என்ன? ஒரு வீடு, ஒரு வாழைத்தோட்டம். பிள்ளையள் அதிலை இருக்கிற வரைக்கும் அது அவையின்ரை. அந்த வீட்டு வாசலிலை ஒரு வெள்ளை வாகனம் வந்து நிண்டுதெண்டால், வெளிநாட்டுக் காசு வருகுதெண்டு ஊர் சொல்லும். அடுத்த கிழமை ஒரு சித்தப்பன் வருவான். இதுக்கு முதல் எட்டிப் பாக்காதவன் வருவான். பிள்ளையளை நான் பாக்கிறன் எண்டுவான். பிறகு தோட்டத்தையும் நான் பாக்கிறன் எண்டுவான்."

"அப்பிடி வந்தால் என்ன செய்வியள்?" என்று மெர்சி கேட்டார்.

"சட்டியோடை போவம்."

இதுதான் அவர்கள் அங்கே படிக்க வந்த பாடம். ஒரு பிள்ளையை யாராவது ஏமாற்றினால், சபைப் பெண்கள் எல்லாரும் சட்டி, விறகு, வாழைக்காய் எல்லாம் தூக்கிக்கொண்டு அவன் முற்றத்துக்குப் போவார்கள். அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அவனுக்கும் போட்டுக் கொடுப்பார்கள். யாரும் அவனை ஏச மாட்டார்கள். ஏன் வந்தோம் என்றும் சொல்ல மாட்டார்கள். போகவும் மாட்டார்கள். அவனாகப் பிள்ளையைப் பற்றிக் கதை எடுக்கும்வரை சமைத்துக்கொண்டே இருப்பார்கள். செத்த வீட்டில் மட்டும்தான் அவர்கள் வழக்கத்தில் ஊர்ப் பெண்கள் இப்படி முற்றத்தில் வந்து சமைப்பது. உயிரோடு இருக்கிறவன் முற்றத்தில் அப்படிச் சமைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெர்சியும் மற்றவர்களும் ஒன்றும் எழுதவில்லை. உட்கார்ந்து வாழைக்காய் உரித்தார்கள், கேட்டார்கள், திருப்பிக் கேட்டார்கள். எத்தனை பேர் போவது, முதலில் யார் அடுப்பு மூட்டுவது, அவன் நாயை அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது. நானும் பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்டினேன். அந்த வேலையில் நான் இருந்த காலத்தில் அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை.

4. "ஒரு நிமிசம்தானே"

பிறகு ரோல்ஃப் வந்தார், புகைப்படக்காரர் ஒருவரோடு.

ரோல்ஃப் கெட்டவர் இல்லை. அதுதான் கோபத்தைக் கூட்டுகிற விசயம். சிரித்த முகம், எல்லாரையும் கட்டிப்பிடிப்பார், கோவிலில் பாடும்போது கண்ணீர் விடுவார். தபித்தா அம்மா அடுப்படிச் சட்டத்தை அவருக்கும் சொன்னார். "அருமை, அருமை," என்று தலையாட்டினார். மதியம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து ஊரில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

பின்னேரம் ஒரு பெண் ஓடிவந்து தபித்தா அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மாவின் கையில் இருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

நேமா என்ற பதினாலு வயதுப் பிள்ளை இரண்டு தம்பிமாரோடு ஒரு வீட்டில் இருந்தாள். ரோல்ஃப் எங்கள் அலுவலக வாகனச் சாரதியிடம் கேட்டு அந்த வீட்டுக்கு நேரே போயிருக்கிறார். வெள்ளை வாகனம், பக்கத்தில் எங்கள் சின்னம், வாசலில் நின்றிருக்கிறது. நேமாவையும் தம்பிமாரையும் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பாற்சொக்கலேற் கொடுத்திருக்கிறார்கள். சின்னவன் எலியாவுக்குச் சின்னம் போட்ட தொப்பி போட்டிருக்கிறார்கள். பாதி ஊர் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறது.

நான் விடுதிக்குப் போனேன். ரோல்ஃப் முற்றத்தில் இருந்து கமராவில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை செய்தனீங்கள்?" என்றேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஒரு நிமிசம்தானே நிண்டனாங்கள். பாரும் இந்த முகத்தை. கண்ணைப் பாரும்."

"தபித்தா அம்மா வேண்டாமெண்டு சொன்னவ."

"அவ பாதுகாக்கிறதிலை கொஞ்சம் கூடிப்போனா. எனக்கு விளங்குது. ஆனால் ஸ்டெல்லா, படம் இல்லாட்டி அங்கை காசு குடுக்கிற ஆக்கள் நம்பமாட்டினம். வெளிப்படைத்தன்மை வேணும்."

"உங்கடை மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து வாசலிலை நான் கமராவோடை நிண்டு அவவைப் படம் எடுத்தால்?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அதுக்குப் பெற்றார் கையெழுத்து வேணும். உமக்குத் தெரியும்தானே."

"இதுக்குப் பெற்றார் இல்லை. அதாலை கையெழுத்துத் தேவையில்லை. அப்பிடியோ?"

புகைப்படக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். ரோல்ஃப் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீர் களைச்சுப்போனீர்," என்றார். நோர்வேயில் ஒரு பெண்ணின் கோபத்தை மூடிக் கட்டிவைக்க மேலதிகாரிகள் சொல்லும் சொல் அது. நீங்களும் கேட்பீர்கள், பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தப் படத்தின் உள்பக்கம் தெரியும். சின்ன வயதில் போரால் இடம்பெயர்ந்து கோவில் வளவில் கிடந்த காலத்தில் என் கையில் ஒரு பிஸ்கற் பெட்டியைத் தந்து, சிரிக்காதே என்று சைகை காட்டி ஒருவர் படம் எடுத்தார். எடுத்து முடிய அவர் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்த ஆளின் முகம் எனக்கு மறந்துவிட்டது. சைகை மறக்கவில்லை.

தபித்தா அம்மா என்னை ஏசவில்லை. "பிள்ளை, உங்கடை ஊரிலை ஒருத்தற்றை வீட்டை போறதெண்டால் முதல் கேட்டுப்போட்டுத்தானே போவினம்?" என்று மட்டும் கேட்டார்.

ஓம் என்றேன். ஒஸ்லோவில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பி குடிக்கப் போவதற்கே இரண்டு கிழமைக்கு முன் நாள் குறிக்கவேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாயிருந்தது.

5. ட்வெய்ட்டாவில் நேமா

ஒஸ்லோவுக்குத் திரும்பிச் சில கிழமைக்குள் மெர்சி தொலைபேசி எடுத்தார். தபித்தா அம்மா சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. நேமாவின் சித்தப்பன் ஒருவன் வந்திருக்கிறான். "வெள்ளைக்காரர் பிள்ளையளைத் தத்தெடுத்திட்டினமாம், பொறுப்பாளருக்கு மாதம் மாதம் காசாம்" என்று கதை ஆற்றைத் தாண்டி அவனிடம் போயிருக்கிறது. நேமா வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். குழுப் பெண்கள் வந்து சேர்வதற்குள் அவன் எலியாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எலியாவுக்கு ஆறு வயது. தொப்பியோடு போயிருக்கிறான்.

"எங்கை கொண்டு போனவன்?" என்று கேட்டேன்.

"எங்கடை பக்கம். மலாவிக்குள்ளை. எந்த ஊரெண்டு தேடுறம்."

நான் நேரே ரோல்ஃபின் அறைக்குப் போனேன். நத்தார் நிதி சேகரிப்புக்கான துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகிற நேரம் அது. அட்டையில் நேமா இருந்தாள், வாசலில், கையில் எலியாவைப் பிடித்தபடி. அந்தத் தம்பி இப்போது அவள் கையில் இல்லை.

எல்லாம் சொன்னேன். படத்தை எடுத்துவிடுங்கள், அந்த ஊருக்கு இது போய்ச் சேர்ந்தால் இன்னும் ஒருவன் வருவான் என்றேன்.

ரோல்ஃப் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சித்தப்பாவோடை போனது ஒரு விதத்திலை நல்லதுதானே? குடும்பத்துக்குள்ளை வளருறான்."

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை. அந்த நிமிடம் வாயைத் திறந்திருந்தால் அவருக்கு விளங்காத தமிழில்தான் ஏதாவது வந்திருக்கும். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். நிர்வாக சபைக்கு எழுதினேன். கவலை அளிக்கிறது, எதிர்காலத்தில் கவனத்தில் எடுப்போம் என்று பதில் வந்தது. படம் அச்சாகிவிட்டது.

ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் இங்கே பிறந்தவள்.

"அம்மா, இது உங்கடை வேலை எல்லே? லாரர் கிளாசிலை காட்டினவ. நான் சொன்னனான் என்ரை அம்மா இந்தப் பிள்ளையைக் கண்டவ எண்டு. எல்லாரும் என்னைப் பாத்தவை." லாரர் என்றால் இங்கத்தைய பேச்சில் ஆசிரியர். பிள்ளையின் முகமெல்லாம் பெருமை.

"இதைக் குப்பையிலை போடு," என்றேன்.

"ஏன்? குல் படம்." குல் என்றால் அருமை.

நான் சொன்ன தொனியில் பிள்ளை அழுதுவிட்டது. அன்ரன் என்னை முறைத்தார். பிறகு இருவரையும் இருத்தி எலியாவின் கதையைச் சொன்னேன். மகள் துண்டுப்பிரசுரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப உங்கடை ஷெஃப் கள்ளன்," என்றாள் கடைசியில். ஷெஃப் என்றால் மேலதிகாரி. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் மரக்கறி வாங்கப் போனேன். நுழைவாசலில் ஒரு தாங்கியில் அந்தத் துண்டுப்பிரசுரங்கள், நேமா அடுக்கடுக்காக இருந்தாள். ஆட்கள் ஒன்றை எடுத்துப் பார்த்து, ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளித்து, திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். நான் முழுக்கட்டையும் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, வெளியே கொண்டுபோய்க் கடதாசிக் கழிவுப் பெட்டிக்குள் கொட்டினேன். காவலாளி ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆள், யாழ்ப்பாணத்துப் பெடியன்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"துப்புரவு செய்யிறன் தம்பி."

அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். இதற்காக நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை.

6. மெர்சியின் அடுப்படி

அடுத்த வருடம் ரோல்ஃபும் நானும் வடக்கு மலாவிக்குப் போனோம். அந்தப் பயணத்தால் மெர்சியின் பெண்கள் என்ன படித்தார்கள் என்று பார்த்து எழுதவேண்டும். எலியாவைப் பற்றி மெர்சி சில மாதமாக ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டால், "நேரிலை வாரும், கதைப்பம்" என்றார்.

ஊருக்குள் திரும்பும் ஒழுங்கையில் மெர்சி வீதியின் நடுவில் நின்றார். கையை உயர்த்தி வாகனத்தை மறித்தார்.

"வாகனத்தை இஞ்சை விடுங்கோ," என்றார். "அடுப்படி அங்கை இருக்கு. நடந்து வரலாம். வீடுகளுக்குப் போக ஏலாது."

ரோல்ஃப் சிரித்தார். "நாங்கள் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"தெரியும். நன்றி. அடுப்படியைப் பாருங்கோ."

"ஸ்டெல்லா," என்றார் ரோல்ஃப், இப்போது சிரிக்காமல். "இந்தத் திட்டத்தை ஆர் நடத்துறதெண்டு இவவுக்கு விளங்கப்படுத்தும்."

"அவவுக்கு நல்லாய் விளங்கியிருக்கு," என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வாகனத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். நான் இறங்கி மெர்சியோடு நடந்தேன். சற்றுத் தூரம் போக, "நானும் வீடுகளுக்கு வரக்கூடாதோ, மெர்சி?" என்று கேட்டேன்.

"நீரும் அந்த வாகனத்திலை இருந்துதானே இறங்கினனீர்?" என்றார் அவர், என் கையைப் பிடித்தபடியே.

சுருக்கென்றது. உண்மை என்றபடியால் அந்தக் கையை விடாமல் நடந்தேன்.

அடுப்படி தபித்தா அம்மாவின் அடுப்படியைவிடச் சின்னது. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கத்தி தந்தார்கள். அங்கே வைத்துத்தான் மெர்சி சொன்னார்.

சித்தப்பனின் ஊரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எலியா அவனுடைய மாடு மேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். வெள்ளைக்காரர் காசு வரும் வரும் என்று பார்த்து, வராத கோபத்தை அவன் பிள்ளையில் காட்டியிருக்கிறான். மெர்சியின் பெண்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பினார்கள். தபித்தா அம்மாவும் அவர் ஆட்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், சட்டிகளோடு. இரண்டு ஊர்ச் சபைப் பெண்களும் சேர்ந்து அவன் முற்றத்துக்குப் போய் அடுப்பு மூட்டினார்கள். முதல் நாள் அவன் சத்தம் போட்டான். அவர்கள் அவனுக்குச் சோளக்களி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பொலிசைக் கூட்டி வந்தான். பொலிஸ்காரருக்கும் போட்டுக் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு, சமைப்பது குற்றமில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அயல்சனம், யார் செத்தது என்று அவனிடம் வந்து வந்து கேட்டது. மூன்றாம் நாள் விடிய அவனாகவே எலியாவின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து தபித்தா அம்மாவின் பக்கத்தில் இருத்தினான்.

"இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

"தமக்கையோடை. தங்கடை வீட்டிலை. தொப்பியை அடுப்பிலை போட்டிட்டம்," என்றார் மெர்சி.

நான் மரவள்ளிக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஒரு பெண் என் முதுகைத் தட்டிவிட்டு, சீவாமல் விட்ட கிழங்கைத் திரும்ப என் கையில் தந்தார்.

திரும்பி வந்தபோது ரோல்ஃப் வியர்த்துப்போய் இருந்தார்.

"இவ்வளவு நேரம் என்ன கதைச்சனீங்கள்? அறிக்கைக்கு ஏதும் இருக்கோ? ஒரு நல்ல கதை, ஒரு ஆளின்ரை கதை?"

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு அந்த நொடியில் முழுதாகத் தெரிந்தது. கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடிப்பார். பிறகு, அந்தப் பையன் இப்போ எங்கே, ஆற்றைத் தாண்ட எவ்வளவு நேரம், ஒரு நிமிசம்தானே என்பார்.

"மரவள்ளிக்கிழங்கு விலை ஏறிட்டுதாம்," என்றேன்.

அறிக்கையில் சந்தை விலையைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். யாரும் குறை சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. எழுதப் பழக்குவார்கள், படம் எடுக்கப் பழக்குவார்கள், கதை சொல்லப் பழக்குவார்கள். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று அலுவலகத்தில் யாரும் பழக்க மாட்டார்கள். அதை அந்தந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பழகுங்கள். அவர்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். மேலதிகாரி கேட்டால் கிழங்கு விலை சொல்லுங்கள்.

எலியா இப்போது வளர்ந்த ஆளாக இருப்பான். அவன் திரும்பி வந்த கதையை நான் அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன், ரோல்ஃபுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.